‘வருத்தமில்லாதவன்’ என அழைக்கப்படும் மகனுக்கு

என் குஞ்சு,

நீ இதை வாசிக்கும்போது உனக்குத் தாடி முளைத்திருக்கும். குஞ்சு என்று கூப்பிட்டால் கோபம் வரும். இப்போது உனக்கு ஐந்து வயது. சப்பாத்தை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாய். நான் எழுதுவது அந்தச் சப்பாத்துக்காரனுக்கு அல்ல. வளர்ந்து ஆளாகி, ஒரு ஆஸ்பத்திரிக் கதவுக்கு முன்னால் உள்ளே போவதா திரும்பிப் போவதா என்று நிற்கப்போகிற ஒருவனுக்கு. அந்தக் கதவுக்குப் பின்னால் ஓர் இரத்தச் சோதனை இருக்கிறது. நீ பெரியவனாகும்வரை அதை உனக்குச் செய்ய மாட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன். “அது அவனுடைய கேள்வி, உங்களுடையது அல்ல” என்று மிகவும் தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே கேள்வியை மட்டும் உனக்கு எழுதிவைக்கிறேன். பதில் என்னிடம் இல்லை. நல்ல பதில் ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையும் இப்போது அவ்வளவாக இல்லை.

இதை மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கலாம். வைத்தால் ஒருநாள் நானே கிழித்துப்போடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஊரறியச் சொன்னபிறகு பின்வாங்க முடியாதல்லவா? உன் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இதில் துளியும் விருப்பமில்லை. “விசரே பிள்ளை உனக்கு? ஊருக்கெல்லாம் பறையடிச்சுப்போட்டு நாளைக்குப் பெடியனுக்கு ஆர் பொம்பிளை தருவினம்?” என்றார். “அப்பா, அவனுக்கு அஞ்சு வயசு” என்றேன். “அஞ்சு இருவத்தஞ்சாக எவ்வளவு நேரம்? நீயும் நேற்றுத்தான் பிறந்தனீ” என்றார்.

தாத்தாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இது பெயர்களின் கதை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் உன் தாத்தாவை எல்லோரும் ராசண்ணை என்பார்கள். மீன்கடைக்காரரிலிருந்து கத்தோலிக்கப் பங்குச் சுவாமி வரைக்கும் அவர் ராசண்ணைதான். கடவுச்சீட்டில் இருக்கிற பெயர் மரியதாஸ். எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். ஆகவே நான் மிஸ் மரியதாஸ், என் அம்மா உயிரோடிருந்த காலத்தில் மிஸிஸ் மரியதாஸ். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்பது ஒரு தலைமுறை மட்டும் உயிரோடிருக்கிற பொருள். ஒருமுறை தாத்தாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தபோது, பங்குக்காரர் நாலைந்து பேர் பிளாஸ்கில் சூப்போடு ஆஸ்பத்திரிக்குப் போய் ‘ராசன்’ எந்த வார்டு என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று சொன்னதும் முகம் வெளிறித் திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒருவர், “அண்ணை, நாங்கள் நீங்கள் செத்துப்போட்டியள் எண்டே முடிவுகட்டிப்போட்டம். சூப்பையும் நாங்களே குடிச்சிட்டம்” என்றார். தாத்தா விடவில்லை: “நான் செத்தாத்தான்ரா என்ர ரெண்டு பேரும் ஒண்டா வரும். ‘ராசன் என அழைக்கப்படும் மரியதாஸ்’ எண்டு மரண நோட்டீஸில போடுவாங்கள். அதுவரைக்கும் தேடிக்கொண்டு திரியுங்கோ.” அன்று நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தப் பகிடியை மனதில் வைத்திரு. பிறகு தேவைப்படும்.

உன் அப்பா லூக், கனடாவில் கியூபெக்கைச் சேர்ந்தவர். செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலைப் போல அகன்றுவிடுகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். பிரெஞ்சு படிப்பிக்க லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பாடசாலையில் வேலை எடுத்து, என்னைச் சந்தித்து, உன் தாத்தாவிடம் ‘லூக்காஸ்’ ஆனார். எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு முன் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் குணம், குடி, வீடுவாசல், கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பரம்பரை வருத்தம் ஏதும் உண்டா என்று. கியூபெக்கில் விசாரிக்க ஆள் கிடைக்காமல் தாத்தா மொன்றியலில் இருந்த ஒரு தூரத்து உறவினரைப் பிடித்தார். அவர் பஸ் ஏறிப் போனாரோ, வீட்டிலிருந்தபடியே சொன்னாரோ தெரியாது. “நல்ல சனம் அண்ணை. எங்கட வேதம்தான். ஞாயிறு பூசை தவறாதாம்” என்று முடித்துவிட்டார். கத்தோலிக்கர் என்று கேட்டவுடனே தாத்தாவுக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

கலியாண வரவேற்பில், பங்கு மண்டபத்தில், தாத்தா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு உன் அப்பாவிடம் கேட்டார், உன் குடும்பப் பெயருக்கு என்ன கருத்து என்று. சான்சூசி. அப்பா, “கவலை இல்லாதவன் என்று அர்த்தம் மாமா, அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் படைவீரர்களுக்கு வைத்த பட்டப்பெயர்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். தாத்தா கூட்டத்தைப் பார்த்து மொழிபெயர்த்தார்: “கேட்டியளே? சான்சூசி எண்டால் வருத்தமில்லாதவன். என்ர பிள்ளை வருத்தமில்லாத வீட்டுக்குப் போறாள்.” மண்டபம் கைதட்டியது. எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் மனக்கவலையும் வருத்தம், உடம்பில் வருகிற நோயும் வருத்தம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல். தாத்தா இரண்டையும் சேர்த்தே எங்களை வாழ்த்தினார். அந்தப் பெயர்தான் இப்போது உன் பள்ளிக்கூடப் பையில் ஒட்டியிருக்கிறது.

முதலாவது குளிர்காலத்தில் உன் அப்பாவின் ஊருக்குப் போனோம். வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம். பெரியவர்கள் எல்லோரும் நாடியைத் தூக்கி, தலையைப் பின்னால் சரித்து, கண்ணை அரைவாசி மூடி, எங்களைக் கீழே பார்க்கிறமாதிரி நிற்கிறார்கள். “என்ன ஒரு பெருமை!” என்றேன். அப்பாவின் தங்கை மிரேய், உன் மாமி, “அதுதான் சான்சூசிப் பார்வை. ஐம்பது வயதானால் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும்” என்று சொல்லிச் சிரித்தாள். வீடு முழுக்கச் சிரித்தது. உன் அப்பாவின் தகப்பன் அப்போது உயிரோடில்லை. கடைசிக் காலத்தில் சாப்பாடு புரைக்கேறிப் புரைக்கேறி, நெஞ்சில் சளி பிடித்துப் போய்ச் சேர்ந்தாராம். வயது என்றார்கள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்: வயது. ஒளித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் வைக்காத ஒன்றை எப்படி ஒளிப்பது?

பிறகு லண்டனில், ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா பிட்டு அவிப்பார். உனக்குத் தெரியும், அவருடைய பிட்டு உதிரி உதிரியாக, மணல்மாதிரி இருக்கும். அதில்தான் அவருக்குப் பெருமை. உன் அப்பா முதலில் சம்பலோடு சாப்பிட்டார். பிறகு கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதி. பிறகு நிறையச் சொதி. கடைசியில் கோப்பையில் பிட்டு மிதந்தது. தாத்தாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பாத்தியே, வெள்ளைக்காரன் எண்டாலும் சொதியின்ர அருமை தெரிஞ்ச மனுசன். லூக்காஸ், இன்னும் ஊத்தட்டே?” அப்பா தமிழில், “கொஞ்சம் கூட, மாமா” என்பார். நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுசனுக்குத் தொண்டையால் இறங்கவில்லை, குஞ்சு. எங்கள் மனம் நோகக்கூடாது என்று நனைத்து நனைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். அதே காலத்தில் கோவிலில் இரண்டு பெண்கள் எனக்குக் கேட்கும்படியே கதைத்தார்கள்: “ராசண்ணையின்ர மருமோன் வரவர நாடியை உசத்தித்தான் ஆக்களைப் பாக்கிறார்.” “வாத்தியார்தானே, திமிர் இருக்கும்.” எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, “கொஞ்சம் பணிவாகப் பாருங்கோவன்” என்று உன் அப்பாவிடம்தான் எரிந்து விழுந்தேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, விரலால் தன் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

இமைக்கும் தொண்டைக்குமாக நாங்கள் போய்ப் பார்த்த நரம்பு டாக்டர் இரண்டு சாத்தியங்கள் சொன்னார். ஒன்று, மருந்துக்கு அடங்கக்கூடியது. மற்றது, தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கவைக்கும் பரம்பரை வருத்தம். முதலில் இமை, பிறகு தொண்டை, பிறகு கால். அதற்கு மருந்தில்லை. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. மரபணுக் கிளினிக்கில் இருந்த பெண் உன் அப்பா எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னதும் அவளுடைய பேனை ஒரு கணம் நின்றது. அந்தப் பக்கத்தில் இந்த வருத்தம் அதிகம், பிரெஞ்சு ஆட்சியின் தொடக்க நாட்களில் கப்பலேறி வந்த ஒரு கணவன் மனைவியிடமிருந்து பரவியது என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள் என்றாள். வந்தவர்கள் கொஞ்சப் பேர், தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள், பிள்ளைகள் நிறைய. இரத்தச் சோதனையின் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லி எங்களை வெளியே விட்டாள். நான் ரயிலில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், உன் அப்பாவின் வழி அந்தச் சோடியிடம் போகவில்லை என்று நானே கண்டுபிடித்துக் காட்டுவது என்று. அந்த வழி இல்லையென்றால் அந்த வருத்தமும் இல்லை; அடங்கக்கூடிய மற்றதுதான். நீயும் தப்பித்தாய். எவ்வளவு விசர்க் கணக்கு என்று இப்போது தெரிகிறது. அப்போது அது ஒன்றுதான் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது.

கியூபெக்கில் கோவில் பதிவுகள் ஏறக்குறைய முழுவதும் தப்பியிருக்கின்றன. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் படம்பிடித்து இணையத்தில் கிடக்கின்றன. ஒரு கலியாணப் பதிவில் மாப்பிள்ளை பொம்பிளை இருவரின் தாய் தகப்பன் பெயரும் இருக்கும். அந்தத் தாய் தகப்பனின் கலியாணத்தைத் தேடினால் அவர்களின் தாய் தகப்பன். ஏணிப்படி போல ஏறலாம். என் பக்கத்தில் மூன்று தலைமுறைக்கு மேல் ஏற முடியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்கின் புத்தகங்களில் கொஞ்சம் கறையான் தின்றது, மிச்சம் சண்டையில் எரிந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் கடற்கரையில் நின்று தலையில் தண்ணீர் வாங்கி மரிய என்றும் சூசை என்றும் ஆனவர்கள், அதற்கு முதல்நாள் என்ன பெயரோடு தூங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. உன் அப்பா பக்கத்திலோ ஒவ்வொருவருக்கும் தேதியோடு சுவாமியார் கையெழுத்து. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அங்கேயும் ஆண்பிள்ளை என்றால் ஜோசப், பெண் என்றால் மரி. எங்கள் பங்கைப் போலத்தான். “கையெழுத்து வைக்கத் தெரியாது என்று சொன்னார்கள்” என்ற வரி ஒவ்வொரு பதிவின் அடியிலும் வரும். பெண்கள் கலியாணம் முடித்தபிறகும் தங்கள் சொந்தப் பெயரோடேயே அடக்கமாகியிருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது. ஒருநாள் ஓர் அடக்கப் பதிவு: மரி, இன்னாருடைய அடிமை, சுதேசப் பெண். தாய் தகப்பன் பெயரில்லை, சொந்தப் பெயருமில்லை. யாருடைய மண்ணில் இவர்கள் இத்தனை ஜோசப்புகளைப் பெற்றார்களோ, அந்தச் சனத்தின் ஒரு பிள்ளை. இவள் எங்கள் வழியில்லை என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனேன். வழி கிடைக்காமல்போவது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சான்சூசி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். தகப்பன், பாட்டன், பூட்டன். பூட்டனின் தகப்பன் பெயர் ஜோசப்; அந்த இடத்தில் ஒரே ஊரில் இரண்டு ஜோசப்புகள் நின்றார்கள். ஒருவன் சான்சூசி. மற்றவன் மொரேல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சான்சூசியைப் பிடித்தேன். அவனுக்கு மேலே, அவனுக்கும் மேலே, கடைசியில் பிரான்சிலிருந்து படையோடு வந்து, படை திரும்பிப் போனபோது தான் திரும்பாமல் நின்றுவிட்ட ஒரு சிப்பாய். அந்தச் சோடிக்கும் இவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெண்கள் வழியாகவும் ஏறிப் பார்த்தேன், இல்லை. நான் குசினி மேசையில் தலையை வைத்து அழுதேன். தாத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “நான் அப்பவே சொன்னனான், வருத்தமில்லாதவன் எண்டு” என்றார், குரல் உடைந்து. அந்தச் செவ்வாய்க்கிழமையே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். காணாமல்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அல்லவா அவர். உன் அப்பாவுக்கு அந்த ஏணியைப் படமாகக் கீறிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார், நாடியை உயர்த்தி. “வடிவாயிருக்கு” என்று தமிழில் சொன்னார். நம்புகிறேன் என்று சொல்லவில்லை. நான் கவனிக்கவில்லை.

சந்தோசத்தைச் சொல்லத்தான் மிரேய் மாமிக்கு வீடியோவில் எடுத்தேன். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன். சிப்பாய்க் கதையைக் கேட்டு அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“எந்த ஜோசப்?”

“சான்சூசி ஜோசப்.”

“அவன் எங்களுடைய ஆள் இல்லையே. எங்களுடைய ஜோசப் மொரேல்.”

“உங்கள் பெயர் சான்சூசி!”

“மொரேல் தி சான்சூசி. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர். எங்கள் பூட்டன் காலத்தில் ஊர் நிறைய மொரேல்கள். ஒருவனுடைய கடிதம் இன்னொருவன் வீட்டுக்குப் போகிறது என்று மொரேலை விட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார்கள். இது உனக்குத் தெரியாதா? லூக் சொல்லவில்லையா?”

“தி என்றால் என்ன?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “தி என்றால்… சொல்லப்படுகிற. இப்படி என்று அழைக்கப்படுகிற.”

என அழைக்கப்படும். ராசன் என அழைக்கப்படும் மரியதாஸ். குஞ்சு, இந்த உலகத்தில் வேறு யாருக்கும் அது விளங்காமல் போயிருக்கலாம், எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பெயர் ஒன்றானால் இரத்தம் ஒன்று என்று நினைத்தேன்; ஏனென்றால் எங்களிடம் இல்லாத அந்த நீண்ட பெயரில் எனக்கு ஆசை. படையில் கவலையில்லாதவன் என்ற பட்டம் ஒருவனுக்கு மட்டுமா கொடுத்திருப்பார்கள்? யாழ்ப்பாணத்தில் ராசன் என்று தேடினால் ஊரில் பாதிப் பேர் வருவார்கள். நான் யாரோ ஒரு ராசனின் வீட்டுக்குள் புகுந்து, இதுதான் என் வீடு, இங்கே வருத்தமில்லை என்று கொண்டாடியிருக்கிறேன். சூப்பையும் நானே குடித்திருக்கிறேன்.

அன்று நீ பள்ளிக்கூடத்தால் வருவதற்கு முன் மொரேல் வழியாக ஏறினேன். இந்த முறை கை தயங்கித் தயங்கி ஏறியது. ஜோசப் மொரேலின் தாய், அவளுடைய தாய், அவளுடைய தகப்பன். கிளினிக் பெண் சொன்ன சோடியின் பெயர் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். எல்லோரும் பார்க்கக்கூடிய இடங்களிலேயே இருக்கிறது. அவர்கள் ஏணியின் உச்சியில் அமைதியாக இருந்தார்கள். அவர்களை நான் வெறுக்க நினைத்தேன். முடியவில்லை. கடல் கடந்து, பனிக்குள் இறங்கி, மரம் வெட்டி, பிள்ளை பெற்று, இருவரும் கையெழுத்து வைக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யார் வாசித்துக் காட்டியிருப்பார்கள்? பன்னிரண்டு தலைமுறைக்கு உன் முன்னோரின் பெயரை என்னால் இப்போது சொல்ல முடியும். அவர்களிடமிருந்து உன் அப்பாவுக்குப் பிசகாமல் வந்து சேர்ந்த ஒரே முதுசச் சொத்து இதுதான்.

அந்த ஏணியை நான் அவரிடம் காட்டவில்லை. கிளினிக்கிலிருந்து முடிவு வந்தபோது அதுவும் அதையேதான் சொன்னது. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது, “உங்களுக்கு முன்னமே தெரியும், என்ன?” என்று கேட்டேன். “எங்கள் அப்பா எப்படிச் சாப்பிட்டார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது” என்றார். “பிறகேன் நான் அவ்வளவு நாள் தேடினபோது பேசாமல் இருந்தீங்கள்?” “நீ சந்தோசமாகத் தேடிக்கொண்டிருந்தாய்.” அந்த இடத்திலேயே அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பஸ் வந்தது. ஏறினோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் விடுவித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

தாத்தாவுக்குச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அவராகவே விளங்கிக்கொண்டார். “அப்ப அந்தச் சொதி…” என்றார். “ஓம் அப்பா” என்றேன். “நான் அந்த மனுசனுக்குக் கிழமைக்குக் கிழமை மணலையெல்லே தின்னக் குடுத்திருக்கிறன்” என்றார். அதற்குப் பிறகு அவர் உன் அப்பாவுக்குத் தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறார், அரைத்து, வடித்து, தடிப்புப் பார்த்து. அப்பா அதைத் தன்னந்தனியாக, மெதுவாக, ஒவ்வொரு கரண்டிக்கும் நாடியை மார்போடு அழுத்திக்கொண்டு விழுங்குகிறார். உன்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதில்லை. புரைக்கேறினால் நீ பயப்படுவாய் என்பதற்காக.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. கடிதம் எழுதுகிற தாய்மார் புத்தி சொல்வார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். சோதித்துப் பார் என்றும் சொல்ல மாட்டேன், பார்க்காதே என்றும் சொல்ல மாட்டேன். அறிந்தால் செய்ய ஏதும் இருக்கிறதா என்று கேட்டால், இப்போதைக்கு இல்லை. இமையைத் தைத்துத் தூக்கலாம், தொண்டையைக் கொஞ்சம் தளர்த்தலாம், அவ்வளவுதான். நீ பெரியவனாகும்போது மருந்து வந்திருக்கும் என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். உன் அப்பாவின் தகப்பன் காலத்திலும் யாரோ யாருக்கோ சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒன்று: உன்னை விரும்பி ஒருத்தி வந்தால், அவளிடம் முதலில் இதைச் சொல். மண்டபம் பிடிப்பதற்கு முன், மோதிரத்துக்கு முன். எழும்பிப் போகிறவள் போகட்டும். நான் போயிருப்பேனா என்று நீ கேட்கலாம். சொல்கிறேன்: போயிருப்பேன். எனக்குப் பயம் அதிகம். போயிருந்தால் நீ இல்லை. அந்த இரண்டு உண்மைகளையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. கண்டுபிடித்தால் எழுதுவேன்.

இன்னொன்று. உன் பெயரை மாற்றாதே. மாற்ற நான் நினைத்தேன். உனக்கு எங்கள் வழக்கப்படி ‘லூக்’ என்பதையே குடும்பப் பெயராக்கி, அந்தக் கயிற்றை அறுத்துவிடலாம் என்று. தாத்தாதான் மறித்தார். “பேரை வெட்டினால் வருத்தம் போகுமெண்டால் நான் முழங்காலுக்கு எத்தினை பேரை வெட்டியிருப்பன்?” என்றார். சிரிக்கச் சொன்னது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. மொரேலை வெட்டிப்போட்டு நடந்தவர்களுக்குப் பின்னால் அது பேசாமல் நடந்துவந்ததல்லவா.

போன ஞாயிறு தாத்தா வீட்டில் பிட்டு. உன் அப்பா பக்கத்து அறையில் கஞ்சியோடு இருந்தார். நீ கதிரையில் முழங்காலில் நின்றுகொண்டு, கோப்பையை நீட்டி, “தாத்தா, எனக்குக் கூடச் சொதி” என்றாய். தாத்தா பழைய பழக்கத்தில், “அப்படியே தகப்பனைப் போ…” என்று தொடங்கினார். கரண்டி நடுவழியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். ஐந்து வயதில் அது வராது, எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார், நானும் வாசித்திருக்கிறேன், அவருக்கும் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொதி பிடிக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொதி பிடிக்கும். “ஊத்துங்கோ அப்பா” என்றேன். அவர் ஊற்றினார். பிட்டு மிதக்கும்வரை ஊற்றினார். நீ ஒரு வாய் அள்ளிப் போட்டு, மென்று, விழுங்கி, முடிந்துவிட்டது என்று காட்டுவதற்கு வாயைப் பெரிதாகத் திறந்து நாடியை உயர்த்தினாய். தாத்தா கைதட்டினார். நான் உன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா